ட்ரிம் கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டப்ளினில் குடியிருப்பவர் வீட்டுக்குக் கோடையில் ஆள் வந்துகொண்டே இருக்கும். அத்தை வருவார், கல்லூரி நண்பன் வருவான், நண்பனின் மாமனார் வருவார். எல்லோருக்கும் ஒரு கோட்டை பார்க்க வேண்டும். நான் எல்லோரையும் ட்ரிம்முக்கு அனுப்புவேன், முடிந்தால் கூடப் போவேன். ஒரே கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எடுத்து இங்கே பதிலோடு வைத்திருக்கிறேன்.

ட்ரிம் எங்கே இருக்கிறது? ப்ளார்னி கோட்டைதானே பிரபலம், ஏன் இதைச் சொல்கிறீர்கள்?

மீத் மாவட்டத்தில், பாயின் ஆற்றின் கரையில் இருக்கும் சிறிய ஊர் ட்ரிம். டப்ளினிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஐரிஷ் மொழியில் ஊரின் பெயர் பாலியா ஆஹா ட்ரிம். எல்டர் மரங்கள் நிற்கும் ஆற்றுத்துறையின் ஊர் என்று பொருள். 12-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன்கள் அயர்லாந்தில் கட்டியவற்றில் மிகப் பெரிய கோட்டை இதுதான்.

ப்ளார்னி இருப்பது கார்க் பக்கம். டப்ளினிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போகிறவர்களில் பாதிப் பேர், தலைகீழாகச் சாய்ந்து ஒரு கல்லை முத்தமிட்டால் பேச்சு வன்மை வரும் என்பதற்காக வரிசையில் நிற்கிறார்கள். நம் சொந்தக்காரர்களுக்குப் பேச்சு வன்மை ஏற்கனவே போதும் என்பது என் எண்ணம்.

உள்ளே என்ன இருக்கும்? சிம்மாசனம், கட்டில், ஓவியம் எல்லாம் வைத்திருப்பார்களா?

இல்லை. இது இடிபாடு. பெரிய புல்வெளி, அதைச் சுற்றிப் பாதி நின்று பாதி விழுந்த மதில், நடுவில் ஒரு மாபெரும் கற்கோபுரம். கோபுரத்துக்குள் மரத்தளங்கள் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போது நடைபாதை அமைத்து, கோட்டை வெவ்வேறு காலங்களில் எப்படி இருந்தது என்று காட்டும் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள். மற்றபடி வெறும் கல்தான், அப்புறம் ஜாக்டா என்னும் சிறு காக்கைகள்.

மேசை நாற்காலி, திரைச்சீலை, நெருப்பு மூட்டிய அடுப்பு என்று நிறைந்திருக்கும் கோட்டைதான் வேண்டும் என்றால் கிளேர் மாவட்டத்தில் இருக்கும் பன்ராட்டிக்குப் போங்கள். அதைச் செப்பனிட்டு, அந்தக்காலப் பொருட்களால் நிரப்பி வைத்திருக்கிறார்கள். இடைக்கால விருந்து என்று மாலைச் சாப்பாடுகூட உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு ட்ரிம் போதும்.

கார் இல்லை. பஸ் இருக்கிறதா, ரயில் இருக்கிறதா?

ரயில் இல்லை. டப்ளின் மையத்தில் புசாரஸ் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் ஏரன் நிறுவனத்தின் 111-ம் எண் வண்டி ட்ரிம் வழியாகப் போகிறது. நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரம், சற்று மேலேயும் ஆகலாம். இறங்கும் இடத்திலிருந்து கோட்டை நடக்கும் தூரம்தான். வழி கேட்கக்கூட வேண்டாம், கோபுரம் கண்ணில் படும். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு, திரும்பி வரும் நேரத்தைப் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எவ்வளவு? முன்பதிவு செய்ய வேண்டுமா?

கோட்டையைப் பராமரிப்பது அரசின் பொதுப்பணி அலுவலகம். மதிலுக்குள் இருக்கும் வெளியை மட்டும் சுற்றிப் பார்க்க ஒரு கட்டணம், கைடோடு நடுக்கோபுரத்துக்குள் போக அதைவிடச் சற்றுக் கூடுதல். இரண்டுமே சில யூரோக்கள்தான். அவ்வப்போது மாறும் என்பதால் ஹெரிடேஜ் அயர்லாந்து இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இதே அலுவலகம் பராமரிக்கும் ஐந்தாறு இடங்களைப் பார்ப்பதாக இருந்தால், ஓராண்டுக்குச் செல்லும் ஹெரிடேஜ் அட்டை லாபம்.

முக்கியமான விஷயம், நடுக்கோபுரத்துக்குள் தனியாகப் போக முடியாது. கைடோடுதான், அதுவும் ஒரு சுற்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்கள்தான். ஒரு ஜூலை ஞாயிறு மதியம் ஏழு பேராகப் போய், அடுத்த சுற்றில் இரண்டு இடம்தான் மீதி என்று தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையை முடித்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். போனதும் முதல் வேலையாக அடுத்த சுற்று எத்தனை மணிக்கு என்று கேட்டு டிக்கெட் வாங்கிவிடுங்கள். சுற்று முக்கால் மணி நேரம் நடக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், கோட்டை திறந்திருக்கும் நாட்களும் நேரமும் குறைந்துவிடும்.

மழை பெய்தால் என்ன செய்வது? என்ன உடுத்துவது?

பெய்தால் என்று இல்லை, பெய்யும். பத்து நிமிடம் பெய்து, பத்து நிமிடம் வெயிலடித்து, மறுபடி பெய்யும். குடை கொண்டுபோகாதீர்கள். கோபுர உச்சியில் அடிக்கிற காற்றில் அது உங்களையும் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். தொப்பி வைத்த மழைக்கோட்டு, பிடிமானமுள்ள ஷூ, ஜூலையானாலும் ஒரு ஸ்வெட்டர். சேலை கட்டி வந்தவர்கள் படியேறியிருக்கிறார்கள்தான், ஆனால் ஈரமான கல்படியில் கொசுவத்தை ஒரு கையிலும் கைப்பிடிக் கயிற்றை ஒரு கையிலும் பிடித்தபடி இறங்குவதைப் பார்த்து எனக்குத்தான் வியர்த்தது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. செஞ்சிக்கோட்டை மாதிரி ஏற வேண்டியிருக்குமா?

மலை இல்லை. வெளி முழுவதும் ஏறக்குறைய சமதளம், புல்தரை. ஏற வேண்டியது நடுக்கோபுரம் மட்டும்தான். ஆனால் அந்தப் படிகள் குறுகலானவை, சுழல்வன, உயரம் ஒரே சீராக இருக்காது. பாதியில் வேண்டாம் என்று திரும்புவது பின்னால் வருகிறவர்களுக்கும் சங்கடம். முழங்கால் சந்தேகமாக இருந்தால் அம்மாவுக்கு வெளிச்சுற்று டிக்கெட் மட்டும் எடுங்கள். சக்கர நாற்காலி கோபுரத்துக்குள் போகாது. கைக்குழந்தை வண்டியும் அப்படித்தான்.

உண்மையில் கோட்டையின் மிக அழகான தோற்றம் உள்ளே இல்லை, ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்து போய் நின்றால் மதிலும் கோபுரமும் தண்ணீரோடு சேர்ந்து தெரியும். அதற்குப் படியும் இல்லை, டிக்கெட்டும் இல்லை.

யார் கட்டியது? ஐரிஷ் ராஜாவா?

இல்லை, ஐரிஷ் ராஜாக்களை அடக்க வந்தவர் கட்டியது. லெய்ன்ஸ்டர் மன்னர் டெர்மட் மக்மரோ தன் எதிரிகளைச் சமாளிக்க நார்மன் வீரர்களைக் கூப்பிட்டார். அவர்களில் ஸ்ட்ராங்போ என்பவர் 1170-ல் வந்து, டெர்மட்டின் மகளை மணந்து, அடுத்த ஆண்டு டெர்மட் இறந்ததும் லெய்ன்ஸ்டரையே கையில் எடுத்துக்கொண்டார். தன் கீழிருக்கும் ஒரு பிரபு கடல் தாண்டி இப்படி வளர்வது இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றிக்குப் பிடிக்கவில்லை. 1171-ல் தானே படையோடு வந்தார். 1172-ல் ஹியூ டி லேசி என்பவருக்கு மீத் நாடு முழுவதையும் கொடுத்தார். கைம்மாறாக ஐம்பது குதிரை வீரர்களின் படைச்சேவை. ஸ்ட்ராங்போவுக்கு எதிரே வைத்த எடைக்கல் என்று டி லேசியைச் சொல்லலாம்.

அவர் முதலில் கட்டியது கல்கோட்டை அல்ல. அகழி தோண்டி, மண்ணை வளையமாகக் குவித்து, மேலே கூர்மரங்கள் நட்ட அவசரக் கோட்டை. 1173-ல் கானக்ட் மன்னர் ரோரி ஓ கானர் பெரும்படையோடு வந்தார். டி லேசி ஊரில் இல்லை. காவலில் விடப்பட்டிருந்த ஹியூ டைரல், தாக்குப்பிடிக்க முடியாது என்று கண்டு கோட்டைக்குத் தானே தீ வைத்துவிட்டு வெளியேறினார். அதன் பிறகுதான் கல். தந்தை தொடங்கியதை மகன் வால்டர் டி லேசி முடித்தார். 1220-களில் கோட்டை இன்றைய உருவத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் நிற்கும் கோபுரத்தின் அடியிலேயே அந்த எரிந்த முதல் கோட்டையின் தடங்களை அகழாய்வில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த ஹியூ டி லேசி என்ன ஆனார்? கைடு ஏதோ தலை தனி, உடல் தனி என்றார், சரியாகக் கேட்கவில்லை.

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். 1180 வாக்கில் டி லேசி, மன்னரின் அனுமதி கேட்காமல், ஓ கானரின் மகள் ரோஸை மணந்தார். ஆம், மேலே சொன்ன அதே ரோரி ஓ கானர்தான். கோட்டையை எரிய வைத்தவரே மாமனார். ஸ்ட்ராங்போ செய்ததையே இவரும் செய்கிறார் என்று இரண்டாம் ஹென்றிக்கு எரிச்சல்.

1186-ல் டரோ என்னும் இடத்தில், புனித கொலும்பா நிறுவிய பழைய மடத்தின் நிலத்தில், புதிய கோட்டை வேலையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது ஐரிஷ் இளைஞன் ஒருவன் கோடரியால் வெட்டிக் கொன்றான். சில ஆண்டுகள் கழித்து உடலை மீட்டபோது, ட்ரிம்முக்கு அருகிலுள்ள பெக்டிவ் மடம் உடலை எடுத்துக்கொண்டது, டப்ளின் புனித தாமஸ் மடம் தலையை எடுத்துக்கொண்டது. பெரிய மனிதரின் கல்லறை இருந்தால் மடத்துக்கு மதிப்பும் வருமானமும். இரண்டு மடங்களும் வழக்காடி, 1205-ல் தீர்ப்பு டப்ளினுக்குச் சாதகமாக வந்து, தலையும் உடலும் ஒன்று சேர்ந்தன.

நடுக்கோபுரம் ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் மூலைகள் முடியவே இல்லை.

முழுதாக இருந்தபோது இருபது மூலைகள். நடுவில் ஒரு சதுரம், அதன் நான்கு பக்கமும் ஒவ்வொரு சிறு கோபுரம், மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். வடக்குப் பக்கக் கோபுரம் இப்போது இல்லை. அதனால்தான் உங்கள் எண்ணிக்கை இடிக்கிறது. உயரம் சுமார் 25 மீட்டர், சுவரின் தடிமன் சுமார் 3 மீட்டர்.

போர்த்தந்திரப்படி பார்த்தால் இது நல்ல வடிவம் இல்லை. ஒவ்வொரு மூலைக்குப் பின்னாலும் எதிரி ஒளிந்துகொள்ள இடம். மேலிருப்பவன் கண்ணுக்கு அது படாது. அப்புறம் ஏன் கட்டினார்கள்? மிரட்டத்தான் என்று நினைக்கிறேன். மண்ணும் மரமுமாக வாழ்ந்த நாட்டில், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முகப்பு போலவே தெரியும் ஒரு கல்மலை. பாயின் ஆற்றங்கரையில் முதன்முதலாக அதைப் பார்த்தவனுக்கு மூலைகளை எண்ணத் தோன்றியிருக்காது.

வாசலும் தரையில் இல்லை. முதல் மாடி உயரத்தில், கிழக்குக் கோபுரத்தில் இருந்தது. அதற்கு மேல்தளத்தில் சிற்றாலயம். வாசலைத் தாக்குகிறவன் சாமி இருக்கும் இடத்தைத் தாக்குகிறான் என்று ஆகும். இதையும் யோசித்துத்தான் வைத்தார்களா என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாக ஓட்டை இருக்கிறதே, பீரங்கிக் குண்டா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. பீரங்கி இல்லை, சாரம். கொத்தனார்கள் சுவரை எழுப்பிக்கொண்டே போகும்போது சாரக்கட்டைகளைச் சுவருக்குள்ளேயே செருகி, அதன் மேல் பலகை போட்டு நின்று வேலை செய்தார்கள். வேலை முடிந்ததும் கட்டையை உருவினார்கள், வராததை அறுத்துவிட்டுப் போனார்கள். வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் அந்த ஓட்டைகள் இருப்பதைக் கவனியுங்கள். குண்டு விழுந்தால் அப்படி வரிசையாகவா விழும்?

அப்படி உள்ளேயே தங்கிவிட்ட ஓக் கட்டைகள்தான் பின்னால் பெரிய சாட்சிகளாயின. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அந்த மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். கோபுரம் ஒரே மூச்சில் எழவில்லை, 1170-கள், 1190-கள், 1200-களின் தொடக்கம் என்று மூன்று கட்டமாக எழுந்தது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதற்கு முன்பு வரை கோபுரம் முழுவதும் 1220-ஐ ஒட்டியது என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு கொத்தனார் சோம்பல்பட்டு விட்டுப்போன கட்டை வரலாற்றைத் திருத்தியிருக்கிறது.

அந்தக் காலத்தில் கழிவறை எப்படி?

சுவரின் தடிமனுக்குள்ளேயே ஒரு சிறு மாடம், கல் இருக்கை, கீழே சரிவான குழாய்வழி, முடிவு வெளிப்பக்கம். கார்டரோப் என்பார்கள். அங்கே எழும் அம்மோனியா நெடியில் பூச்சி சாகும் என்று துணிமணியை அதற்குள் தொங்கவிட்டார்கள் என்று கைடுகள் சொல்வார்கள். குழந்தைகள் அன்று முழுவதும் இதை மட்டுமே பேசுவார்கள், தயாராக இருங்கள்.

சுழல்படி வலப்பக்கமாகச் சுற்றுவது மேலிருப்பவன் வாள் வீச வசதியாக என்கிறார்களே, நிஜமா?

உலகத்தில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் சொல்லப்படும் கதை இது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இடைக்கால எழுத்து எதிலும் இந்த விளக்கம் இல்லை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சில் பரவியது. இடப்பக்கம் சுற்றும் படிகளும் பல கோட்டைகளில் உண்டு. அதோடு, எதிரி சுழல்படி வரைக்கும் வந்துவிட்டான் என்றால் சண்டை அநேகமாக முடிந்துவிட்டது என்றுதான் பொருள். கைடிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம், பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள்.

சிலர் இதை ஜான் மன்னர் கோட்டை என்கிறார்களே? அது லிமெரிக்கில் அல்லவா இருக்கிறது?

லிமெரிக்கில் ஒன்று, கார்லிங்ஃபோர்டில் ஒன்று, பேச்சுவழக்கில் இங்கேயும் ஒன்று. 1210-ல் டி லேசி குடும்பத்தை அடக்க இங்கிலாந்தின் ஜான் மன்னர் அயர்லாந்து வந்தபோது ட்ரிம்முக்கும் வந்தார். ஆனால் கோட்டைக்குள் தங்கவில்லை, ஆற்றோரப் புல்வெளியில் கூடாரமடித்தார். ஒரு ராத்திரிகூட உள்ளே படுக்காதவர் பெயர் ஒட்டிக்கொண்டது, கட்டியவர் பெயரைக் கேட்டால் ஊரில் பலருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்து ராஜா ஒருவரைச் சின்ன வயதில் இங்கே சிறை வைத்தார்களாமே?

ஐந்தாம் ஹென்றி. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதளவு. 1399-ல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் அயர்லாந்துக்குப் படையெடுத்து வந்தபோது, நாடு கடத்தப்பட்டிருந்த தன் சிற்றப்பா மகன் ஹென்றி போலிங்புரோக்கின் பையனைப் பிணைபோலக் கூடவே அழைத்து வந்தார். மன்னர் இங்கே இருக்கும்போது போலிங்புரோக் இங்கிலாந்தில் இறங்கிவிட்டார். அலறியடித்துத் திரும்பிய ரிச்சர்ட், பையனையும் க்ளாஸ்டர் பிரபுவின் மகன் ஹம்ஃப்ரியையும் ட்ரிம் கோட்டையில் விட்டுவிட்டுப் போனார். சில மாதங்களில் ரிச்சர்டின் மணிமுடி போலிங்புரோக்கிடம், பையன் பட்டத்து இளவரசன். கூட இருந்த ஹம்ஃப்ரி மட்டும் ஊர் போய்ச் சேரவில்லை, திரும்பும் வழியில் இறந்துபோனான்.

தலையில்லாத எலும்புக்கூடுகள் கிடைத்தது உண்மையா? அப்போது பேய் இருக்குமா?

முதல் பாதி உண்மை. 1970-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் தலையில்லாத ஆண்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. இதோடு ஒரு சட்டத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 1465-ல் ட்ரிம்மில் கூடிய நாடாளுமன்றம் இயற்றியது. கொள்ளையடிக்கிறவனை மட்டுமல்ல, கொள்ளையடிக்கப் போகிறவனையும் கொல்லலாம், ஆங்கிலேய உடையணிந்த நம்பகமான ஆள் அவனோடு இல்லாவிட்டால். வெட்டிய தலையை ட்ரிம் ஊர்த் தலைவரிடம் கொண்டுவந்தால் அவர் அதைக் கோட்டையில் ஈட்டி முனையில் நட்டுவைப்பார். கொண்டுவந்தவர் அந்தப் பகுதி நில உடைமையாளர்களிடம் ஓர் ஏர் உழும் நிலத்துக்கு இரண்டு பென்னி வசூலித்துக்கொள்ளலாம். போகிற வழியில் போகிறவன் கொள்ளையடிக்கத்தான் போகிறான் என்று யார் முடிவு செய்வது? உடைதான் முடிவு செய்தது. உள்ளூர் ஐரிஷ்காரன் உள்ளூர் உடையில் நடந்தாலே போதும்.

அந்த எலும்புக்கூடுகள் இந்தச் சட்டத்தில் செத்தவர்களுடையவைதானா என்பது ஊகம். பேயைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

எப்படி இடிந்தது? க்ராம்வெல் இடித்தாரா?

அயர்லாந்தில் எந்த இடிபாட்டைக் காட்டினாலும், 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையோடு வந்த க்ராம்வெல் என்று சொன்னால் பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். ட்ரிம்மில் அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது. 15-ம் நூற்றாண்டில் இங்கே நாடாளுமன்றம் கூடியது, நாணயச்சாலைகூட நடந்தது. ஆங்கிலேயர் ஆட்சி உறுதியாக இருந்த பேல் என்னும் பகுதியின் எல்லை அது. அப்புறம் முக்கியத்துவம் குறைந்தது, கவனிப்பு குறைந்தது, கூரை போனது. 1640-களின் போரில் மறுபடி படைகள் வந்து போயின. 1649-ல் க்ராம்வெல் ட்ரோஹெடாவில் நடத்திய படுகொலைச் செய்தி கேட்டதும் ட்ரிம்மில் இருந்த காவற்படை ஓடிவிட்டது. கோட்டை சண்டையில்லாமல் கைமாறியது.

பிறகு வெகுகாலம் தனியார் குடும்பத்தின் சொத்து. 1993-ல் டன்சனி பிரபுவிடமிருந்து அரசு வாங்கி, பல ஆண்டுகள் அகழாய்வும் பராமரிப்பும் செய்து, கோபுரத்துக்கு மேல் பாதுகாப்புக் கூரை போட்டு, 2000-ல் மக்களுக்குத் திறந்தது. முழுதாகப் புதுப்பிக்காமல் இருக்கிற நிலையிலேயே நிறுத்தினார்கள். அது நல்ல முடிவு. புதுப்பித்திருந்தால் சாரத்துளைகளையும் பூசி மெழுகியிருப்பார்கள்.

மெல் கிப்சன் படம் எடுத்தது இங்கேதானா?

ஆம். பிரேவ்ஹார்ட் படத்தின் சில காட்சிகள் 1994-ல் இங்கே எடுக்கப்பட்டன. ஸ்காட்லாந்து வீரனின் கதை, அதில் அயர்லாந்துக் கோட்டை இங்கிலாந்தின் யார்க் நகரமாக நடித்தது. படத்தில் வரும் மர வாயிலையும் கட்டடங்களையும் தேடாதீர்கள், படப்பிடிப்போடு பிரித்துவிட்டார்கள்.

ஊருக்குள் ஒரு தூணின் மேல் சிலை நிற்கிறதே, அது யார்?

வெல்லிங்டன் பிரபு, வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். பட்டம் பெறுமுன் அவர் பெயர் ஆர்தர் வெல்லஸ்லி. குடும்பத்தின் மாளிகை அருகிலுள்ள டாங்கனில் இருந்தது. சிறுவனாக ட்ரிம்மில் படித்தார், 1790 முதல் 1797 வரை ட்ரிம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அந்த 1797-லேயே இந்தியாவுக்கு வந்து, 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் படை நடத்தினார். குன்னூருக்குப் பக்கத்தில் ராணுவப் பயிற்சிக் கல்லூரி இருக்கும் வெல்லிங்டன் இவர் பெயரால் வந்ததுதான். ஊட்டி ரயிலில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

கோட்டை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வேறு என்ன?

அக்கரையில் தனியாக நிற்கும் உயரமான பாதிக் கோபுரம் மஞ்சள் கோபுரம் எனப்படும். புனித மரியாள் மடத்தின் மணிக்கூண்டு, 1368-ல் கட்டியது, 40 மீட்டர். மாலை வெயில் பட்டால் பெயர்க்காரணம் புரியும். அதை ஒட்டிய டால்பட் மாளிகை 1415-ஐச் சேர்ந்தது. மேலே சொன்ன ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் படையை அஜின்கோர்ட்டில் வென்ற அதே ஆண்டு. இந்த வீட்டைப் பின்னால் வாங்கி வைத்திருந்தவர்களில் கலிவரின் பயணங்கள் எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்டும் ஒருவர். பக்கத்து லாரகாரில் அவர் பாதிரியாராக இருந்தார்.

நேரம் இருந்தால் ஆற்றோரமாகவே கிழக்கே அரை மணி நேரம் நடங்கள். நியூட்டவுனில் 1206-ல் தொடங்கிய கதீட்ரலின் இடிபாடு இருக்கிறது. அதை ஒட்டிய சிறு தேவாலயத்தில் 16-ம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்று. சர் லூகாஸ் டில்லனும் மனைவி ஜேன் பாத்தும் கல்லில் படுத்திருக்கிறார்கள், நடுவே ஒரு வாள். வாள் பிரித்து வைத்திருப்பதால் ஊரார் இவர்களைப் பொறாமைக்கார ஆணும் பெண்ணும் என்பார்கள். இருவருக்கும் இடையே தேங்கும் மழைநீரில் குண்டூசிகள் கிடக்கும். உடம்பில் மரு இருப்பவர்கள் குண்டூசியால் அதைத் தேய்த்துவிட்டு ஊசியை இங்கே போட்டால், ஊசி துருப்பிடிக்கப் பிடிக்க மருவும் உதிரும் என்று நம்பிக்கை. கார் இருந்தால் பெக்டிவ் மடமும், பழைய ஐரிஷ் மன்னர்களின் இடமான தாரா மேடும் ஒரே நாளில் முடியும். கற்காலக் கல்லறை மேடான நியூகிரேஞ்சையும் அதே நாளில் திணிக்காதீர்கள்.

என்னிடம் யு.கே. விசா இருக்கிறது. அதை வைத்து அயர்லாந்து வரலாமா?

விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அயர்லாந்து தனி நாடு, ஷெங்கன் என்னும் ஐரோப்பியப் பொது விசாக் குழுவிலும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஐரிஷ் விசா வேண்டும். ஆனால் பிரிட்டிஷ் ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று உண்டு. இந்தியாவில் விண்ணப்பித்துப் பெற்ற பிரிட்டன் வருகையாளர் விசாவில் அந்தத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான பி.ஐ.வி.எஸ். குறிப்பு இருந்தால், முதலில் பிரிட்டனில் இறங்கிவிட்டு இங்கேயும் வரலாம். குறிப்பு இல்லையென்றால் தனி விசாதான். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடுமுன் ஐரிஷ் குடிவரவுத் துறையின் தளத்தைப் பாருங்கள்.

இதன் மறுபக்கத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடலோரப் பாறையில் நிற்கும் டன்லூஸ் கோட்டையைப் படத்தில் பார்த்துவிட்டு, ட்ரிம் முடிந்ததும் அங்கே போகலாம் என்பார்கள். டன்லூஸ் இருப்பது வட அயர்லாந்தில், அது யு.கே.யைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச்சாவடி இல்லை, பலகைகூடச் சரியாக இருக்காது. அதற்காக விசா வேண்டாம் என்று ஆகாது.

ட்ரோன் பறக்கவிடலாமா? ஞாபகத்துக்கு ஒரு சின்னக் கல்?

படம் எடுக்கத் தடையில்லை. ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும், பயணிகளுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

கல், கூடாது. இது பாதுகாக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னம். நண்பர் ஒருவர் மெட்டல் டிடெக்டர் கொண்டுவரட்டுமா, நாணயச்சாலை இருந்த இடமாச்சே என்று கேட்டார். அனுமதி இல்லாமல் இதுபோன்ற இடத்தில் அதைப் பயன்படுத்துவது அயர்லாந்தில் சட்டப்படி குற்றம். ஞாபகத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு குண்டூசி கொண்டுபோய் நியூட்டவுனில் போட்டுவிட்டு வாருங்கள். எங்கள் அத்தை போட்டார். மரு இன்னும் இருக்கிறது. ஊசி துருப்பிடித்ததா என்று போய்ப் பார்த்து வரச்சொல்லி மாதம் ஒரு முறை போன் வருகிறது.